எல்லா நாளும் சுபம்

ஏய், உக்காருங்கப்பா, உக்காருங்க. நிக்கிறவன் உக்காரு, உக்காந்திருக்கவன் கொஞ்சம் தள்ளி உக்காரு, போனை நோண்டுறவன் அதைக் குப்புறக் கவுத்து வை. அங்க மூலையில ரெண்டு வாய் இன்னும் அசையுது, தெரியுது எனக்கு. ஊர்ப் பேச்சு எங்கயும் ஓடிப் போகாது, பெறகு பேசிக்கிடலாம். இப்ப நம்ம பெத்துராசு ஒரு நாள் காலையில ஃப்ளெக்ஸ் கடையில உக்காந்து முழிச்ச முழியைச் சொல்லப் போறேன். வெட்டு குத்து வருமான்னு கேக்காதீக, ஒண்ணும் வராது. ஒரு மனுசன் ஒரு நாற்காலியில உக்காந்திருந்தான், அம்புட்டுத்தான் கதை. ஆனா அவன் மண்டைக்குள்ள நின்னுச்சு பாருங்க கூட்டம், சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல தீவாளிக்கு முந்துன நாள் நிக்கிற கூட்டம். அதுல ஒரு ஆளு வரிசையில நிக்கல.

அவன் உக்காந்திருந்தது அவன் நாற்காலியிலகூட இல்ல. முதலாளி தவமணி அண்ணாச்சியோட நாற்காலி. மெத்தை வச்சு, முதுகுல துண்டு விரிச்சு, அண்ணாச்சி உக்காந்து உக்காந்து அவுக உருவத்துக்கே குழி விழுந்த நாற்காலி. அதுல போயி இவன் உக்காந்தா, குழி பெருசு, ஆளு சின்னது, பூனைக்குட்டிய அண்டாவுக்குள்ள போட்டாப்புல இருந்தான். "உக்காருடா, பரவாயில்ல"ன்னு அண்ணாச்சியே சொல்லிட்டுப் பின்னால நின்னாக. அதுலயே பாதிப் பயம் இவனுக்கு. திட்டுற மனுசன் திட்டாம நின்னா எப்படி இருக்கும்? பின்னங்கழுத்துல மூச்சு விழுகுது, வெத்தலை வாசம், வாசனைப் பாக்கு. முன்னால திரையில கறுப்பா ஒரு சன்னல் தொறந்து கெடக்கு. அதுல வெள்ளை எழுத்துல ஒரு எண்ணு, பக்கத்துல சதவீதம். எண்ணு நகர மாட்டேங்குது. நகந்துச்சோ? இல்ல, முன்னாடியும் இதேதான். இல்ல, முன்னாடி வேற. அவனுக்குத் தெரியல. காலையில வந்து, எப்பவும் டிசைன் பண்ற பெரிய கம்ப்யூட்டரைப் போட்டான், அது டொக்கு, டொக்கு, டொக்கு, கர்ர்ர்ர்ருன்னு ஒரு சத்தம் குடுத்துச்சு, தொண்டையில மீன்முள்ளு மாட்டுன மாமியா காறுற மாதிரி, பெறகு திரை நீலமாச்சு, பெறகு நீலமும் இல்ல. உள்ள இருந்த டிஸ்க்கு செத்துப் போச்சு. இத்தனை வருசத்துக் காதுகுத்து, கல்யாணம், சடங்கு, கண்ணீர் அஞ்சலி அம்புட்டும் அதுக்குள்ள. போனாப் போகட்டும், குத்துன காதைத் திரும்ப வந்தா குத்தப் போறாக. ஆனா வெள்ளக்கரட்டுப்பட்டி பங்குனிப் பொங்கல் ஃப்ளெக்ஸும் அதுக்குள்ளதான். மத்தியானத்துக்குள்ள அதை வாங்க ஊர்ல இருந்து ஆளு வருது. வர்ற ரெண்டு பேருல ஒருத்தரு இவன் மாமனாரு.

வழி இல்லாமலும் இல்ல. தினமும் சாயங்காலம் கடை சாத்துறதுக்கு முந்தி இவன் ஒரு குட்டி ஃபைலை ரெண்டு தட்டு தட்டுவான். பேட்ச் ஃபைலுன்னு சொல்லுவாக, நாலஞ்சு வரிதான் இருக்கும், தட்டுனா ஒரு கறுப்பு சன்னல் தொறந்து எழுத்து சரசரன்னு ஓடும். அன்னைக்குச் செஞ்ச வேலையெல்லாம் இன்னொரு காப்பியா ஒரு சின்னப் பொட்டிக்குள்ள போயிரும். போச்சா போகலையான்னு தேதி போட்டு ஒரு வரி அண்ணாச்சி கம்ப்யூட்டர்ல வந்து விழுகும், அதுக்கு லாகுன்னு பேரு. அந்தப் பொட்டியத்தான் இப்ப இதுல மாட்டியிருக்கு. மாட்டுன உடனே காட்ட வேண்டியதுதான? காட்ட மாட்டேங்குது. பொட்டியில ஏதோ கோளாறு, முதல்ல சோதிக்கணும்னு சொல்லுது. சோதிச்சு முடிக்கிற வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்க முடியாது. அந்த எண்ணு நூறைத் தொடணும். அதுவரைக்கும் இவனுக்கு இருக்கிறது அந்த லாகு ஒண்ணுதான். அதை ஓரத்துல தொறந்து வச்சிருக்கான். தேதி, சுபம். தேதி, சுபம். தேதி, சுபம். மேல இருந்து கீழ வரைக்கும் சுபம், சுபம், சுபம், இங்கிலீசு எழுத்துல, கல்யாணப் பத்திரிக்கைய அடுக்கி வச்சாப்புல. அதை மேல இருந்து கீழ, கீழ இருந்து மேலன்னு இவன் திரும்பத் திரும்பப் படிக்கான். ஏன்னா அந்தச் சுபம்னா என்ன அர்த்தம்னு இவனுக்கு மறந்து போச்சு.

அட சிரிக்காதீக, சுபம்னு எழுதுனவனே இவன்தான். முன்ன கடையில இருந்த செபராசு கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும்போது அந்த நாலஞ்சு வரிய எழுதிக் குடுத்துட்டுப் போனான். காப்பி ஆனா ஓக்கேன்னு விழுகும், ஆகலைன்னா ஃபெயிலுன்னு விழுகும். நல்லாத்தான் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்தாக, சாமி படத்துக்குப் பூப்போட்டாக, சாம்பிராணியக் கடை பூராம் காட்டிட்டு வந்து கம்ப்யூட்டரைத் தொறந்தா, மொத வார்த்தையா ஃபெயிலு. "ஏ பெத்துராசு! இங்க வா. இது என்னது?" "லாகு அண்ணாச்சி. நேத்து காப்பி ஆகல, பொட்டி ஒயரு லூசாயிருக்கும்." "ஒயரு லூசோ டைட்டோ, பொழுது விடிஞ்சதும் விடியாததுமா கடையில ஃபெயிலுன்னு எழுதிக் காட்டுறியே, வியாபாரம் வெளங்குமா? எங்க வீட்டுக்காரி வெளக்கு வச்ச பெறகு அரிசி இல்லைன்னு சொல்ல மாட்டா, நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுவா. அந்த வார்த்தைய எடு." "எடுத்துட்டு என்னத்தைப் போட?" "என்னத்தையோ நல்லதாப் போடு. சுபம்னு போடு." போட்டான். ஃபெயிலுக்குப் பதிலா சுபம். அப்ப சுபம்னா ஆகலைன்னு அர்த்தம். அதுவரைக்கும் சரி. ஆனா பெறகு அண்ணாச்சி இன்னொரு நாளு வந்து, "அந்த ஓக்கே எதுக்குடா வெள்ளைக்காரன் மாதிரி, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மங்களகரமாப் போட்டுரு"ன்னு சொன்னாகளா இல்லையா? சொன்னாக. சொன்ன மாதிரி இருக்கு. இவன் லாகுல கெடந்த பழைய வரியெல்லாம் அழிச்சுட்டு, ஃபைலைத் தொறந்தான். தொறந்து ஓக்கேவுல கையை வச்சான். அப்பப் பாத்து வீட்ல இருந்து பொண்டாட்டி சண்முகக்கனி போன் அடிச்சா. அவ என்ன பேசுனான்னு ஒரு சொல்லு மறக்கல, குக்கர் விசிலோட சேத்து ஞாபகம் இருக்கு. ஆனா போனை வச்ச பெறகு ஓக்கேவை மாத்துனமா, மாத்தாம மூடுனமா, அது மட்டும் தொடச்சு விட்ட மாதிரி இருக்கு. மாத்தலைன்னா, சுபம்னு விழுந்த ஒவ்வொரு நாளும் ஆகல. லாகு பூராம் சுபம். அப்ப ஒரு நாளும் ஆகல. மாத்தியிருந்தா, சுபம்னா ஆனாலும் ஆகியிருக்கும், ஆகாட்டாலும் போயிருக்கும். அப்ப சுபம்னா சுபம், வேற ஒண்ணும் இல்ல. எழுதுன ஃபைலைத் தொறந்து பாத்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும். அந்த ஃபைலும் செத்த டிஸ்க்குக்குள்ள.

"என்னடா சொல்லுது?"ன்னு அண்ணாச்சி பின்னால இருந்து கேட்டாக. "சுபம்னு சொல்லுது அண்ணாச்சி." "அப்பறம் என்ன, நல்லதுதான?" நீங்க போடச் சொன்னதுதான்னு சொல்லலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, அங்கனயே உக்காந்துக்கிட்டு இறங்கவும் இல்ல. எதிர்க்க ஃப்ளெக்ஸ் மிசினு ஓடிக்கிட்டு இருக்கு, யாரோ ஒரு பிள்ளைக்குக் காதுகுத்து. அது எப்படி அடிக்கும் தெரியும்ல, சர்ர்ரு, சர்ர்ருன்னு வரி வரியா, முதல்ல முடி, பெறகு நெத்தி, பெறகு புருவம். ஒரு பிள்ளை மெல்ல மெல்லத் தண்ணிக்குள்ள இருந்து எந்திரிக்கிற மாதிரி. இன்னும் கண்ணு வரல. கண்ணு வந்துட்டா தன்னையப் பாத்துருமேன்னு இவனுக்கு ஒரு கூச்சம். மை வாடை மூக்கைப் பிடிக்குது, தினமும் பிடிக்கிற வாடைதான், இன்னைக்கு மட்டும் ஆஸ்பத்திரி வாடை மாதிரி இருக்கு. டீயில ஆடை கட்டிருச்சு. மிசினுக்குக் கீழ தரையில எஸ்தரக்கா உக்காந்து ஃப்ளெக்ஸு ஓரத்துல கயிறு கோக்குற பித்தளை வளையத்தை வச்சு சுத்தியலால அடிக்காக, டக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு, டக்கு. அந்தக்கா பேசுனா அன்னைக்குச் சாத்தூர்ல மழை வரும். காலையில வந்து பையை மாட்டுனா, சாயங்காலம் பைய எடுத்துட்டு வாரேன்னு சொல்றதுதான் மொதப் பேச்சு, கடைசிப் பேச்சு. வாயில எப்பவும் நாலஞ்சு வளையத்தைக் கவ்விக்கிட்டே இருந்தா எங்கிட்டுப் பேச? டக்கு. எண்ணு நகந்துருச்சு. நகந்துச்சா? டக்குன்னு சத்தம் கேட்டதுல நகந்த மாதிரி தோணுச்சோ? ஃபெயிலு. அந்த வார்த்தை. எங்கிட்டு சுத்துனாலும் அங்கதான் வந்து நிக்குது புத்தி. பத்தாங் கிளாசு ரிசல்ட்டுக்கு இவங்க அப்பா பேப்பரை வாங்கி டீக்கடை பெஞ்சுல விரிச்சு விரலை வச்சு நம்பர் தேடுனாரு. இவன் நம்பருக்கு முந்துன நம்பரு இருக்கு, பிந்துன நம்பரு இருக்கு, நடுவுல இவன் இல்ல. அப்பா எந்திரிச்சுப் போயி வேற ஒரு பேப்பரு வாங்கிட்டு வந்தாரு. "இந்தப் பேப்பர்க்காரன் விட்டுருப்பான்டா, இவன் அவசரத்துல அடிக்கிறவன்." அதுலயும் இல்ல. அன்னைக்கு அந்தப் பேப்பர்ல இல்லாதவனுக்கெல்லாம் சுபம்னு அடிச்சிருந்தா அப்பா என்ன செஞ்சிருப்பாரு? சந்தோசமா மிட்டாய் வாங்கிட்டு வந்துருப்பாரோ? வீடு பூராம் குடுத்திருப்பாரோ? இவன் பாட்டுக்குப் பதினொண்ணாங் கிளாசுல போயி உக்காந்திருப்பானோ? மிசினு சர்ர்ருன்னுச்சு. பிள்ளைக்குக் கண்ணு வந்துருச்சு. பெரிய கண்ணு.

இப்ப அந்த ஃப்ளெக்ஸுல என்னதான் இருக்குன்னு கேப்பீக. மூஞ்சி இருக்கு. வெள்ளக்கரட்டுப்பட்டியில மேலத்தெரு, கீழத்தெரு, ரெண்டு தெரு. முன்ன ஒரு பொங்கலுக்கு ஃப்ளெக்ஸு அடிச்சாக, வேற ஊர்க் கடையில, நம்ம கடையில இல்ல. அதுல மேலத்தெருக்காரு மூஞ்சியெல்லாம் மேல, கீழத்தெருக்காரு மூஞ்சியெல்லாம் கீழ. தெரு மேல இருக்கு, அதனால மேல வச்சேன்னு டிசைன் பண்ணவன் சொன்னான். கீழத்தெருக்காரு ஏத்துக்கிடல. ஒருத்தன் கிழிச்சான், கிழிச்சவனை இன்னொருத்தன் கிழிச்சான், பொங்கலு நின்னு போச்சு. பல வருசமா அந்த ஊர்ல பொங்கப் பானை ஏறல. தெருவுக்குத் தெரு பேச்சு இல்ல, தண்ணி இல்ல, விசேசத்துக்குப் போக்குவரத்து இல்ல. இதுல என்ன கொடுமைன்னா, இவன் பொண்டாட்டி சண்முகக்கனி கீழத்தெருவுல பிறந்தவ, அவ கூடப் பிறந்த அக்கா வேலுத்தாயைக் கட்டிக் குடுத்தது மேலத்தெருவுல. பிறந்த வீட்டுல இருந்து நாலு வீடு தள்ளித்தான். ஆனா பேசிக்கிடக் கூடாது. ரெண்டு பேரும் சாத்தூருக்கு வந்து ஃபேன்சி ஸ்டோருல, வளையல் பாக்குற மாதிரி பக்கத்துல பக்கத்துல நின்னுக்கிட்டு, கண்ணாடியப் பாத்துப் பேசிக்கிடுவாக. "ஒம் பிள்ளை ரத்தினத்துக்குக் காய்ச்சல் விட்டுருச்சாக்கா?" "விட்டுருச்சு. பச்சை வளையல எடுத்துப் பாரு, ஆளு வருது." இப்படி. வளையல்காரனுக்குச் சந்தேகம் வந்துரும்னு ஒவ்வொரு தடவையும் ரெண்டு வளையல் வாங்கிருவாக. இவன் வீட்ல வளையல் ஒரு டப்பா நெறையக் கெடக்கு, போடாத வளையல்.

அதனாலதான் இந்த வருசம் பொங்கலு வைக்கணும்னு பேச்சு வந்ததும் இவன் போயி நடுவுல விழுந்தான். ஃப்ளெக்ஸு நான் அடிக்கேன், எல்லா மூஞ்சியும் ஒரே அளவு, மேல கீழன்னு இல்லாம கலந்து வைப்போம்னான். எப்படிக் கலக்குறது? நீ கலந்தா மாமனாருக்குச் சாதகமாக் கலப்பன்னு மேலத்தெரு. சகலைக்குச் சாதகமாக் கலப்பன்னு கீழத்தெரு. கடைசியில ஆத்தாளே கலக்கட்டும்னு முடிவாச்சு. திருவுளச்சீட்டு. ஒவ்வொரு வீட்டுத் தலைக்கட்டுப் பேரையும் சீட்டுல எழுதிச் சுருட்டிப் பித்தளைக் குடத்துல போட்டு, காளியம்மன் முன்னால குலுக்கி, ஒரு சின்னப் பிள்ளையவிட்டு எடுக்கச் சொன்னாக. பூசாரி பேரு வாசிக்க வாசிக்க, இவன் மடியில கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு அந்த மூஞ்சியக் கொண்டு போயி அந்த இடத்துல வச்சான். மேலத்தெரு, மேலத்தெரு, கீழத்தெரு, மேலத்தெரு, கீழத்தெரு, கீழத்தெரு. அண்ணன் பக்கத்துல பகையாளி, பகையாளி பக்கத்துல சம்பந்தி. ஒரு வெவரமும் இல்லாத வரிசை, அதான் நல்ல வரிசை. போனைத் தூக்கி யாரும் படம் எடுக்கக் கூடாது, பெறகு அதைக் காட்டி நீ திருத்துன நான் திருத்துனேன்னு வரும். முடிஞ்சதும் சீட்டையெல்லாம் தெப்பத்துல விட்டாக. ஆத்தா ஒரு தடவைதான் சொல்லுவா, ரெண்டாந் தடவை கேக்குறது அவளைச் சந்தேகப்படுறதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. ஃப்ளெக்ஸு கட்டுற வரைக்கும் யாரும் பாக்கவும் கூடாது. பென் டிரைவுல ஏத்தி, மடிக் கம்ப்யூட்டர்ல இருந்ததை அங்கனயே அழிச்சுட்டு, இவன் கடைக்குக் கொண்டாந்து பெரிய கம்ப்யூட்டர்ல போட்டான். பென் டிரைவை மாமனாரு திருப்பி வாங்கிட்டாரு, அதுல இப்ப ரேடியோ செட்டுக்காரன் சாமி பாட்டு ஏத்திட்டான். அப்ப அந்த வரிசை இருந்தது ஒரே இடத்துல. இருந்தது. டொக்கு, டொக்கு, கர்ர்ர்.

எண்ணு தொண்ணூறுக்கு மேல ஏறிருச்சு. இது நெசந்தான், அண்ணாச்சியும் பாத்துட்டாக, "ஏறுதுடா, ஏறுதுடா"ன்னு தோள்ல கையை வச்சாக. கை கனமா இருக்கு. ஏறட்டும், ஏறக் கூடாது. ஏறி முடிச்சா தொறக்கணும், தொறந்தா தெரிஞ்சுரும். தெரியாம இருக்குற வரைக்கும் ஃபைல் உள்ளயும் இருக்கு, இல்லாமயும் இருக்கு, பேப்பரை விரிக்கிறதுக்கு முன்ன பாஸும் ஃபெயிலும் ஒண்ணா இருந்த மாதிரி. சரி, இருக்குன்னே வையி. எது இருக்கும்? அங்கதான் அடுத்த முடிச்சு. சீட்டு எடுக்குறதுக்கு முந்தியே அளவு சரியா வருதான்னு பாக்க, இவனே கைக்கு வந்தபடி மூஞ்சிகளை வச்சு ஒரு ஒத்திகை ஃபைல் போட்டிருந்தான். அதுக்கு என்ன பேரு வச்சான்? பொங்கல் ஃபைனல். ஆத்தா சொன்ன பெறகு சேத்து வச்சதுக்குப் பேரு? பொங்கல் ஃபைனல் ஃபைனலா? பொங்கல் சத்தியமா ஃபைனலா? இல்ல, பழசு மேலயே அமுக்கிட்டானா? ஒத்திகையிலயும் அதே மூஞ்சி, அதே அளவு, அதே கலவை. ஒரு வெவரமும் இல்லாத வரிசைக்கும் இன்னொரு வெவரமும் இல்லாத வரிசைக்கும் என்ன வித்தியாசம்? கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணு ஆத்தா வச்சது, இன்னொண்ணு இவன் டீ குடிச்சுக்கிட்டே வச்சது. தப்பான ஒண்ணைக் கட்டி, ஊர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், நான் நம்ம சுடலையண்ணன் பக்கத்துலயில்ல இருந்தேன்னு ஞாபகமா எந்திரிச்சு நின்னுட்டா? மாப்ள திருத்திட்டாரு. சகலைக்காரன் திருத்திட்டான். அம்புட்டுத்தான், பொங்கப் பானை திரும்பவும் கவுந்துரும். சண்முகக்கனி திட்ட மாட்டா. வெள்ளிக்கிழமை ஃபேன்சி ஸ்டோருக்குப் போயிட்டு வந்து, ரெண்டு வளையலை எடுத்து டப்பாவுல போட்டு மூடுவா. அந்த மூடுற சத்தம். அதை வாழ்நாள் பூராம் கேக்கணும். டக்கு. இல்ல, அது எஸ்தரக்கா.

நூறு. கறுப்பு சன்னல் கடைசி வரியில நின்னுச்சு. ஏதாச்சும் ஒரு பொத்தானை அமுக்குன்னு கேக்குது. எதை வேணாலும் அமுக்கலாமாம். இத்தனை பொத்தான் இருக்கே, எதை அமுக்குறதுன்னு இவனுக்கு அதுலயும் குழப்பம், பாருங்க. அ-வை அமுக்குனா நல்லதா, வெறும் இடத்தை அமுக்குனா நல்லதா? விரலு கீபோர்டு மேல வட்டமடிக்குது, கோழி மேல எறங்காத பருந்து மாதிரி. "அமுக்கித் தொலைடா"ன்னு பழைய அண்ணாச்சி வெளிய வந்தாக. அமுக்கிட்டான். எதை அமுக்குனான்னு இன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. பொட்டி தொறந்துச்சு. உள்ள ஃபைல் இருந்துச்சு. அப்பாடா! காப்பி ஆகியிருக்கு! பொங்கல்னு ஒண்ணு இருக்கு, ஒண்ணே ஒண்ணு. வெறும் பொங்கல். ஃபைனலும் இல்ல, ஃபைனல் ஃபைனலும் இல்ல, சத்தியமும் இல்ல. இப்படி ஒரு பேரு வச்சதாவே இவனுக்கு ஞாபகம் இல்ல. ரெண்டு தட்டு தட்டுனான். ஏதோ ஒரு படத்தைக் காணோம், அது இல்லாமத் தொறக்கவான்னு இங்கிலீசுல கேட்டுச்சு. அந்த நேரத்துல எவன் யோசிப்பான், சரின்னு அமுக்கிட்டான். அமுக்குன பெறகுதான் உறைச்சுச்சு. எந்தப் படம்? யாரு மூஞ்சி? தொறந்ததும் ஒவ்வொரு மூஞ்சியா விரலை வச்சுக்கிட்டே போனான், அப்பா பேப்பர்ல போன மாதிரி. மாமனாரு இருக்காரு. சகலை இருக்கான். சுடலை, காவக்கார வேலு, கடைக்கார மாரி, பட்டாளத்துக்காரு, மூக்கையா, எல்லாரும் மீசையோட இருக்காக. ஒரு மூஞ்சிகூட விட்டுப் போகல. அப்ப எது காணோம்? வரிசை? இது ஆத்தா வரிசையா, டீ வரிசையா? பாத்தான், பாத்தான். எல்லா மூஞ்சியும் அவனைப் பாத்துச்சு.

வாசல்ல ஆட்டோ நின்னுச்சு. எறங்குனது மாமனாரு அய்யலுச்சாமியும், மேலத்தெருப் பெரியவரு வெயிலுமுத்துவும். ஒரே ஆட்டோவுல! முட்டிங்கால் இடிக்க உக்காந்து வந்திருக்காக, சிரிச்சுக்கிட்டு வேற எறங்குறாக. அதைப் பாத்ததும் இவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு, பயத்துலயா சந்தோசத்துலயான்னு அதுவும் தெரியல. "என்ன மாப்ள, முதலாளி சீட்டுலயே உக்காந்துட்டீக?"ன்னு மாமனாரு. எந்திரிக்கப் பாத்தான், குழி விடல. "மாமா, பெரியய்யா, அடிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவை பாத்துச் சொல்லிருங்க. என் கம்ப்யூட்டரு காலையில போயிருச்சு. இது காப்பி. இதுல இருக்குறது ஆத்தா சொன்ன வரிசைதானான்னு எனக்கே கொஞ்சம்..." அண்ணாச்சி பின்னால இருந்து இருமுனாக, நல்லா நீளமா ஒரு இருமல். இவன் நிறுத்தல. "எனக்கே உறுதியாத் தெரியல. தப்பா இருந்தாச் சொல்லிருங்க." சொல்லிட்டான். அந்நேரம் பாத்து மிசினும் பிள்ளைய முழுசா எறக்கி முடிச்சு நின்னுருச்சு.

ரெண்டு பெருசும் குனிஞ்சு பாத்தாக. மூக்குக் கண்ணாடிய ஏத்திப் பாத்தாக, எறக்கிப் பாத்தாக. பெறகு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாக. "அய்யலு, ஒனக்கு வரிசை ஞாபகம் இருக்குல்ல?" "என்ன பேச்சு பேசுற, ஆத்தா வாக்கை மறப்பனா? நீ மறந்துட்டியோ?" "நானா? கண்ணை மூடுனா வரிசையா வந்து நிக்குது." "அப்பச் சொல்லு, இது சரியா?" "நீ சொல்லு முதல்ல." "மேலத்தெருவுக்கு மரியாதை குடுக்கேன், நீயே சொல்லு." "அட, கீழத்தெரு சொன்னா நாங்க மறுக்கவா போறோம்?" கொஞ்ச நேரம் இப்படித் தள்ளி விட்டுக்கிட்டாக. ஆத்தா சொன்னதை மறந்துட்டேன்னு எவரு வாயால முதல்ல சொல்லுவாரு? கடைசியில வெயிலுமுத்து தொண்டையச் செருமிட்டு, "சரிதான்"னாரு. "சரியேதான்"னு மாமனாரு. சொல்லி முடிச்சதும் ரெண்டு பேருக்கும் மூச்சு வந்துருச்சு, தன் தன் மூஞ்சியத் தேடப் போயிட்டாக. "மாப்ள, என் கன்னத்தை லேசா வெளுத்து விடுங்க." "தம்பி, எனக்கு மீசை இன்னுங்கொஞ்சம் கருப்பா." பெத்துராசு தலையாட்டுனான். சரியா? சரின்னா எந்தச் சரி? மறந்து போயிச் சொன்ன சரியா, தெரிஞ்சு சொன்ன சரியா? அதுவும் சுபம் மாதிரி ஒரு சரியா? ஒரு படத்தைக் காணோம்னு கேட்டுச்சே, அது என்ன? திரும்பவும் மேல இருந்து விரலை வச்சான். சுடலை, வேலு, மாரி...

"என்ன மாப்ள இன்னும் தேடுறீக? நான் எல்லாம் பாத்துட்டேன்"னு மாமனாரு அவன் கையைத் தட்டி விட்டாரு. "மேலத்தெருவுல ஒரு தலை கொறையல, கீழத்தெருவுல ஒரு தலை கொறையல. ஊரே வந்து நிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்? அடிங்க!"

கீழ தரையில சுத்தியல் சத்தம் நின்னுச்சு. எஸ்தரக்கா எந்திரிச்சு வந்து, வாயில கவ்வியிருந்த வளையத்தையெல்லாம் உள்ளங்கையில துப்பிட்டு, திரையில அம்புட்டு மூஞ்சிக்கும் உச்சியில வெள்ளையாக் கெடந்த பெரிய கட்டத்தைச் சுத்தியலால தொட்டுக் காட்டுனாக.

"ஊரே வந்திருச்சு, சரிதான் பெரியய்யா. ஆத்தாளுக்கு யாரும் சொல்லி விடலையோ?"